ஞாயிற்றுக்கிழமை விமானங்கள்

பக்கத்து வீட்டில் பேத்தி பிறந்திருக்கிறாள். பார்க்கப் போயிருந்தேன். பாட்டி சுவரில் சாய்ந்து கால் நீட்டி உட்கார்ந்து, காலின் மேல் குழந்தையைக் கிடத்தி, உச்சியில் விளக்கெண்ணெய் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார். அந்த வாசம் வந்தால் மற்றவர்களுக்குப் பிள்ளைகளின் எண்ணெய்க் குளியல் நினைவுக்கு வரும். எனக்கு ஒரு பொட்டல் காடும், நீலப் புகையும், காது கிழியக் கத்தும் ஒரு கையகல எஞ்சினும் நினைவுக்கு வந்தன. "ஏனுங்க, தனியாச் சிரிச்சுக்கறீங்க?" என்று கேட்டார் பாட்டி. விளக்கெண்ணெய் ஊற்றி விமானம் விட்டவரோடு குடும்பம் நடத்தியவள் நான் என்று அவருக்கு விளக்கத் தொடங்கினேன். பாதியிலேயே குழந்தை அழுதது. விட்ட கதையை இங்கே எழுதுகிறேன்.

என்னைப் பெண் பார்க்க வந்தபோது மாப்பிள்ளை வீட்டார் அடுக்கிய நற்குணங்கள் இவை: பீடி சிகரெட் கிடையாது, சீட்டாட்டம் கிடையாது, சொந்தப் பட்டறை உண்டு. பட்டறை என்றால் பம்புசெட்டுக்கு உதிரிப் பாகம் கடைந்து கொடுக்கிற லேத் பட்டறை. கோயமுத்தூரில் கணபதி, பீளமேடு பக்கம் அப்போதெல்லாம் சந்துக்குச் சந்து அப்படி ஒன்று இருக்கும். விமானத்தைப் பற்றி யாரும் மூச்சு விடவில்லை. மறைக்க வேண்டும் என்ற எண்ணமெல்லாம் கிடையாது. அது சொல்லத்தக்க சங்கதி என்றே அவர்களுக்குத் தோன்றவில்லை.

கல்யாணமாகி வந்த அன்று மாடி அறைக் கதவைத் திறந்தேன். விட்டத்திலிருந்து நைலான் கயிற்றில், கட்டிலுக்கு நேர் மேலே, ஐந்தடி அகலத்துக்கு இறக்கை விரித்தபடி மஞ்சள் விமானம் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. படுத்தால் சக்கரம் மூக்குக்கு நேரே வரும். "விழுந்துராதுங்களா?" என்றேன். "பறக்கறப்பத்தான் விழும். தொங்கறப்ப விழாது" என்றார். ஆண்டுகள் போகப் போகத்தான் அது எவ்வளவு பெரிய உண்மை என்று புரிந்தது.

அவருக்கு இந்தக் கிறுக்கு கல்லூரியில் என்.சி.சி. விமானப் பிரிவில் சேர்ந்தபோது பிடித்தது. அங்கே மாதிரி விமானம் கட்டுவதும் விடுவதும் பயிற்சியில் ஒரு பகுதி. வாயு சைனிக் முகாமில் அதற்குப் போட்டியே உண்டு. அன்று அவர்கள் விட்டது கம்பி விமானம். விடுபவர் நடுவில் நிற்பார். அவர் கையிலிருந்து இரண்டு மெல்லிய எஃகுக் கம்பிகள் போகும். அவற்றின் மறுமுனையில் விமானம் வட்டமடிக்கும். கைப்பிடியைச் சாய்த்தால் ஏறும், இறங்கும். விடுபவரும் அதோடு சேர்ந்து சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஈதர், மண்ணெண்ணெய், விளக்கெண்ணெய் மூன்றையும் கலந்து எஞ்சினுக்கு ஊற்றுவார்கள். தலை சுற்றி விழுந்தவர்களைப் பிடிக்க ஓர் ஆள் தனியாக நின்றதாகச் சொல்வார். கம்பியை அறுத்துக்கொண்டு வானத்தில் தன்னிஷ்டம் போல் விட வேண்டும் என்பதுதான் அந்த வயதில் அவருக்கிருந்த ஒரே கனவு. பட்டறையில் நாலு காசு பார்க்கத் தொடங்கியதும், சிங்கப்பூர் போய்வந்த சிநேகிதர் மூலம், கம்பியில்லாமல் விமானத்தை இயக்கும் ஒரு ஃபுடாபா ரேடியோ செட்டும் ஓ.எஸ். எஞ்சினும் வாங்கினார். விலை எவ்வளவு என்று அத்தைக்கு, அதாவது என் மாமியாருக்கு, இன்று வரை தெரியாது. எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். எங்கள் வீட்டில் ஆடியில் பறக்காத ஒரே பொருள் விமானம். கோயமுத்தூர்க்காரர்களுக்கு இதன் காரணம் சொல்ல வேண்டியதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலை நெடுஞ்சுவராக நிற்கிறது. பாலக்காட்டுப் பக்கம் மட்டும் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு வாய் திறந்திருக்கிறது. தென்மேற்குப் பருவக் காற்று அந்த வழியாகப் புகுந்து பல்லடம், உடுமலை வரை அடித்துக்கொண்டு போகும். காற்றாலை வைத்தவர்களுக்குக் கொண்டாட்டம். இரண்டு கிலோ விமானம் வைத்திருப்பவர்களுக்குத் திண்டாட்டம். அதனால் ஆனி, ஆடி முழுக்கக் கட்டுமான வேலை நடக்கும்.

மாடி அறையில் பழைய கதவுப் பலகை ஒன்று மேசையாக இருந்தது. அதில் வரைபடத்தை விரித்து, மேலே மெழுகுத்தாள் போட்டு, அதன் மேல் பால்சா மரத்துண்டுகளைக் குண்டூசியால் குத்தி நிறுத்துவார். பால்சா ஈக்வடார் நாட்டிலிருந்து வருகிற மரம். ஐந்தாறு வருடத்தில் வெட்டுகிற அளவு வளர்ந்துவிடுமாம். ஒரு கட்டு கையில் எடுத்தால் அப்பளக் கட்டு மாதிரி இருக்கும். மரம் என்று நம்பவே முடியாது. இறக்கைக்குள் வரிசையாக நிற்கிற விலா எலும்புகளை ஒவ்வொன்றாக பிளேடால் அறுத்து, உப்புத்தாளில் தேய்த்து, ஒன்றோடொன்று வைத்து அளந்து பார்ப்பார். பட்டறையில் நூறில் ஒரு மில்லிமீட்டர் பார்த்துப் பழகிய கை. இரண்டு விரல் ஃபெவிகுவிக்கில் ஒட்டிக்கொண்டு சாப்பாட்டுக்கு இறங்கி வருவார். நான் தட்டில் போட்ட சோற்றை மற்ற மூன்று விரலால் பிசைவார்.

எனக்குப் பிடித்தது கடைசி வேலை. எலும்புக்கூடாக நிற்கிற இறக்கைக்குத் தோல் போர்த்துவது. அதற்கென்று வண்ண வண்ணமாகப் பாலியெஸ்டர் படலம் சுருளாக வரும், ஒருபக்கம் பசை தடவியிருக்கும். அளவாக வெட்டி இறக்கை மேல் தளர்வாகப் போட்டு, முதலில் நாலு முனையிலும் இஸ்திரிப்பெட்டியின் மூக்கை மட்டும் வைத்து ஒட்ட வேண்டும். பிறகு நடுவிலிருந்து ஓரத்துக்கு மெதுவாக இழுத்துக்கொண்டு போக வேண்டும். சூடு பட்டதும் சுருக்கமெல்லாம் கண் முன்னாலேயே கலைந்து, படலம் விறைத்துக்கொள்ளும். சூடு கொஞ்சம் கூடினால் படலத்தில் ஓட்டை விழும். குறைந்தால் வெயிலில் போனதும் தொளதொளத்துவிடும். சுங்குடிச் சேலைக்கும் பட்டுக்கும் சூடு மாற்றி மாற்றி வைத்துப் பழகியவளுக்கு இது பெரிய வித்தை இல்லை. ஒரு நாள் அவர் திணறுவதைப் பார்த்துவிட்டுப் பெட்டியை வாங்கித் தேய்த்துக் கொடுத்தேன். அன்றிலிருந்து எங்கள் வீட்டு இறக்கைகளுக்கெல்லாம் தோல் போர்த்தியது நான்தான். துணிக்கு ஒன்று, விமானத்துக்கு ஒன்று என்று இஸ்திரிப்பெட்டி இரண்டானது. எது எதற்கு என்று மறந்துபோய் அவருடைய வெள்ளைச் சட்டையில் மஞ்சள் பட்டை விழுந்ததும் உண்டு.

கட்டி முடித்ததும் சமன் பார்ப்பார். இறக்கையின் முன்விளிம்பிலிருந்து கால்பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் இடைப்பட்ட தூரத்தில் இரண்டு ஆள்காட்டி விரலையும் அடியில் கொடுத்துத் தூக்கினால் விமானம் மட்டமாக நிற்க வேண்டும், அல்லது மூக்கு ஒரு பொட்டுத் தாழ வேண்டும். வால் தாழ்ந்தால் அது கைக்கு அடங்காது. மூக்கில் எடை சேர்க்க ஈயத்துண்டு தேடுவார். காருக்குச் சக்கரம் சமன்செய்யும் கடையிலிருந்து கேட்டு வாங்கி வந்த ஈயம் ஒரு டப்பா நிறைய இருந்தது. என் சமையலறைத் தராசு எப்போது தேடினாலும் மாடியில்தான் இருக்கும்.

எரிபொருள் கலக்கும் நாளில் அத்தை வீட்டிலேயே இருக்க மாட்டார். வெளிநாட்டில் இதற்கென்று டின்னில் அடைத்து விற்கிறார்கள். எஞ்சினுக்கு வேகம் கொடுக்க நைட்ரோமீத்தேனும் சேர்ப்பார்கள். இங்கே அது கிடைப்பது குதிரைக்கொம்பு. எண்பது பங்கு மெத்தனால், இருபது பங்கு விளக்கெண்ணெய் என்று இவர்களே கலந்துகொள்வார்கள். சாதாரண எஞ்சின் ஆயில் மெத்தனாலோடு கலக்காது, விளக்கெண்ணெய் கலக்கும். அதிகச் சூட்டிலும் தேய்மானத்தைத் தடுக்கும். முதல் உலகப் போரில் பறந்த விமானங்கள் பலவற்றிலும் விளக்கெண்ணெய்தான் ஊற்றினார்கள், விமானிகள் அந்தப் புகையை முகத்தில் வாங்கிக்கொண்டே பறந்தார்கள் என்று இவர் பெருமையாகச் சொன்னார். அத்தை ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, "அப்ப அவங்களுக்கெல்லாம் வகுறு சுத்தமா இருந்திருக்குமாட்ட" என்றார்.

மெத்தனால் விவகாரம் அவ்வளவு சிரிப்பானதல்ல. அது விஷம். கள்ளச்சாராயச் சாவு என்று பேப்பரில் வருகிற செய்திக்கெல்லாம் பின்னால் இருக்கிற சரக்கு அதுதான். கேனின் மேல் மண்டையோடு வரைந்து, பூட்டுப் போட்ட பெட்டிக்குள், தரையோடு வைக்க வேண்டும் என்பது நான் போட்ட சட்டம். குழந்தை பிறந்த பிறகு கேன் வீட்டிலிருந்து பட்டறைக்கே போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் மாருதி ஆம்னி வாசலில் நிற்கும். பின் இருக்கைகளைக் கழற்றிவிட்டு இறக்கைகளைப் பழைய போர்வையில் சுற்றி வைப்பார். உடல் தனி, இறக்கை தனி. அங்கே போய் ரப்பர் பட்டை போட்டு மாட்டிக்கொள்வார்கள். செட்டிபாளையம் தாண்டி ஒரு தரிசு நிலம் இருந்தது. ஒருபக்கம் சோளக்காடு, ஒருபக்கம் தென்னந்தோப்பு, நடுவில் ஆடு மேய்க்கிற ஒரு பெரியவர். கூட்டத்தில் ஒரு பல் டாக்டர், ஒரு பேங்க்காரர், ஃபவுண்டரி வைத்திருந்த ஒருவர், பைண்டிங் கடைக்காரர் ஒருவர், கல்லூரிப் பையன்கள். வாரம் முழுக்க ஒருவரையொருவர் பார்க்காதவர்கள். பார்த்ததும் பேசுவது புரொப்பெல்லரும் பிளக்கும்தான். டாக்டரும் பட்டறைக்காரரும் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்ட இடம் எனக்குத் தெரிந்து அது ஒன்றே.

எஞ்சின் கிளப்புவது ஒரு சடங்கு. பிளக்குக்கு ஒன்றரை வோல்ட் பேட்டரி கொடுத்து, ரப்பர் குழாய் மாட்டிய குச்சியால் புரொப்பெல்லரைச் சுண்டுவார்கள். விரலால் சுண்டியவர்கள் எல்லோருக்கும் விரலில் ஒரு தழும்பு இருந்தது. பல் டாக்டருக்கே இருந்தது. எஞ்சின் பிடித்ததும் ஊசியைத் திருகித் திருகிச் சத்தத்தைச் சரிசெய்வார்கள். சத்தம் மெல்லிசாக ஏறி ஏறி ஒரு சுதியில் வந்து நிற்கும்போது எல்லோர் முகத்திலும் ஒரே சிரிப்பு வரும். அந்த நேரத்தில் பின்னால் போகிற புகையில்தான் விளக்கெண்ணெய் வாசம். அந்தச் சட்டையைத் துவைத்துப் போட்டாலும் வாரம் முழுக்க அது போகாது.

தூக்குப்போசியில் சந்தகையும் தேங்காய்ப்பாலும், இன்னொன்றில் அரிசியும் பருப்பும் சாதமும் கொண்டுபோவேன். மற்ற வீட்டுப் பெண்களும் வருவார்கள். புங்கமரத்தடியில் பாய் விரித்து, பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். "எங்கூட்டுக்காரரு குடிக்கறதில்லீங்க, இதுக்குக் குடுக்கறாரு" என்று ஃபவுண்டரிக்காரர் மனைவி சொல்வார். யார் எந்தப் பில்லை எங்கே ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்ற தகவல் பரிமாற்றமெல்லாம் அந்தப் பாயில்தான் நடக்கும்.

விமானம் விழாத ஞாயிறு அபூர்வம். தென்னை மரத்தில் மாட்டினால் மரமேறி வர வேண்டும். முதலில் அவர் சிரித்துக்கொண்டே ஏறி இறக்கிக் கொடுத்தார். பிறகு, தேங்காய்க்கு ஒரு கூலி, விமானத்துக்கு இரண்டு கூலி என்று நிர்ணயித்தார். சோளக்காட்டில் விழுந்தால் கதை வேறு. சோளம் ஆளுயரத்துக்கு நிற்கும், உள்ளே போனால் திசை தெரியாது. அதற்கு ஒரு வழி வைத்திருந்தோம். விழுகிறபோது அசையாமல் நின்று, விழுந்த திசைக்கு நேரே தூரத்தில் ஒரு மரத்தையோ கம்பத்தையோ குறித்துக்கொள்ள வேண்டும். ஒருவர் நின்ற இடத்திலேயே கைநீட்டி நிற்க, மற்றவர் அந்தக் கோட்டைப் பிடித்து நேராக நடக்க வேண்டும். இப்படிக் கைநீட்டி நிற்பவள் பெரும்பாலும் நான். வேலிமேல் விழுந்தால் எடுக்க ஆம்னிக்குள் ஒரு தொரட்டிக்கோல் நிரந்தரமாகக் கிடந்தது.

பருந்துகளுக்கும் இந்த விமானங்களுக்கும் ஆகாது. முட்டையிடும் காலத்தில் மேலேயிருந்து பாய்ந்து வரும். மயில்கள் அப்படியில்லை, எஞ்சின் சத்தம் கேட்டதும் எதிர்ப்பாட்டுப் பாடும். ஆட்டுக்காரப் பெரியவர் மட்டும் கடைசி வரை சமாதானமாகவில்லை. "இதுக்குள்ள ஆரு உக்காந்துட்டு ஓட்டறாங்க?" என்று கேட்டுவிட்டு, யாரும் இல்லை என்று சொன்னால் நம்பாமல் போவார்.

அவர் கட்டியதிலேயே அழகானது ஒரு பைப்பர் கப். மஞ்சள் உடம்பில் கறுப்பு மின்னல் கோடு. இரண்டு ஆடிக்காற்றுக் காலம் பிடித்தது அதற்கு. அந்தக் காலத்து ரேடியோக்களில் ஒவ்வொன்றுக்கும் ஒரு அலைவரிசை. கிரிஸ்டலை மாற்றினால்தான் அலைவரிசை மாறும். ஒரே அலைவரிசையில் இரண்டு பேர் சுவிட்சைப் போட்டால் பறக்கிற விமானம் யார் பேச்சையும் கேட்காது. அதனால் ஒரு அட்டையில் துணிக்கிளிப்புகள் மாட்டி, எண் எழுதி வைத்திருப்பார்கள். கிளிப்பை எடுத்துச் சட்டையில் குத்திக்கொண்டவர் மட்டுமே அந்த அலைவரிசையில் சுவிட்சைப் போடலாம். புதிதாக வந்த கல்லூரிப் பையன் ஒருவன் கிளிப் எடுக்காமல், வேன் பக்கத்தில் நின்று தன் ரேடியோப் பெட்டியை முடுக்கிப் பார்த்தான். வானத்தில் பைப்பர் கப் ஒரு தரம் சிலிர்த்தது. மூக்கைக் கவிழ்த்துக்கொண்டு நேராக வந்து தரையில் குத்தியது.

இவர் ஒன்றும் பேசவில்லை. உரச்சாக்கை எடுத்துக்கொண்டு போய் ஒவ்வொரு துண்டாகப் பொறுக்கினார். பையன் அழுதுவிடுவான் போல நின்றான். "விடு தம்பி, மரந்தான, கட்டிக்கலாம்" என்று தோளில் தட்டிக் கொடுத்தார். எல்லோரும் அவரைப் பெரிய மனுஷர் என்றார்கள். வீட்டுக்கு வந்த பிறகு வாரம் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தவரை அவர்கள் பார்க்கவில்லையே. உப்புப் போதாது, காபி ஆறிப்போச்சு என்று என்மேல் விழுந்தார். "ஏனுங்க, சுவிட்சப் போட்டது நானுங்களா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்துவிட்டார். அதன் பிறகு எங்கள் வீட்டில் சம்பந்தமில்லாமல் யார் யார்மேல் எரிந்து விழுந்தாலும் அந்தக் கேள்வியே பதில்.

எனக்கும் விடக் கற்றுக்கொடுத்தார். இரண்டு பெட்டியை ஒரு வயரால் இணைத்துக்கொண்டு, நான் தடுமாறினால் அவர் பொத்தானை விட்டதும் விமானம் அவர் கைக்குப் போய்விடும். ஏற்றுவது, திருப்புவது எல்லாம் வந்துவிட்டது. எதிரே நம்மைப் பார்த்து வரும்போதுதான் தொல்லை. அதன் வலது நமக்கு இடதாகிவிடும். "எந்த றெக்கை தாழுதோ அந்தப் பக்கம் குச்சியத் தள்ளு" என்பது அவர் சொன்ன சூத்திரம். அது மூளைக்கு ஏறியது. விரலுக்கு இறங்க நாளாயிற்று.

மகள் பிறந்த பிறகு பாயில் உட்காரும் ஆசை எனக்குக் குறைந்துபோனது. அவர் காலை நாலரைக்கு எழுந்து பறந்துவிடுவார். பாலுக்கு அழுகிற குழந்தை, மருந்து கேட்கிற மாமா, ஞாயிறென்று வந்து நிற்கிற விருந்தாள் எல்லாம் என் பங்கு. ஒரு நாள் அவர் திரும்பி வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, சண்டைக்கென்று இல்லாமல், சாதாரணமாகக் கேட்டேன்: "ஞாயித்துக்கெழமை உங்களுக்குங்க. எனக்கு எந்தக் கெழமை?" அவரிடம் பதில் இல்லை. இரவு படுக்கப் போகும்போது, "சனிக்கெழம சாயங்காலம் எடுத்துக்க அம்மிணி. நான் பாப்பாவப் பாத்துக்கறேன்" என்றார்.

ஆர்.எஸ்.புரம் நூலகத்துக்கு நான் போகத் தொடங்கியது அப்படித்தான். இன்று நாலு வரி எழுத வருகிறதென்றால் அந்தச் சனிக்கிழமைகளின் புண்ணியம். அதோடு நிற்கவில்லை. அவ்வளவு பெரிய பொட்டல், ஆளில்லை, சுவரில்லை. வண்டி ஓட்டிப் பழக இதைவிட நல்ல இடம் எது? அவர்கள் விமானம் விடுகிற நேரத்தில் ஓடுதளத்துக்கு மறுபக்கம் நானும் ஃபவுண்டரிக்காரர் மனைவியும் ஆம்னியை ஓட்டப் பழகினோம். எங்கள் இருவர் வீட்டிலும் அதற்கு முன்பு கார் ஓட்டிய பெண் கிடையாது. உறவில் சிலர் வாய்மேல் கை வைத்தார்கள். பிறகு அவர்கள் வீட்டுப் பிரசவத்துக்கு நடுராத்திரியில் வண்டி எடுத்துப் போனவளும் நான்தான்.

இவருடைய மதிப்பு உறவு வட்டத்தில் உயர்ந்தது நடிகர் அஜித்குமாரால். அவருக்கும் இதே பித்து என்று பத்திரிகையில் வந்ததும் நிலைமை மாறியது. 2018-இல் சென்னை எம்.ஐ.டி. மாணவர்களின் டிரோன் கட்டும் தக்‌ஷா குழுவுக்கு அவர் ஆலோசகரானார் என்று செய்தி வந்தபோது, "நம்ம மாமாவும் அந்த லைனாட்ட" என்று என் தம்பி பையன்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். அதுவரை "பொம்மை மாமா" என்று சொல்லிக்கொண்டிருந்த பையன்கள் இவர்கள்.

இவருக்கு ஆதர்சம் வேறொருவர். மேனார்ட் ஹில் என்ற அமெரிக்கர். 2003 ஆகஸ்டில், கனடாவின் நியூஃபவுண்ட்லாந்திலிருந்து அவர் தன் கையால் வீசிவிட்ட ஐந்து கிலோ எடைகூட இல்லாத பால்சா விமானம் அட்லாண்டிக் கடலைத் தாண்டி அயர்லாந்தில் இறங்கியது. 3,000 கிலோமீட்டருக்கு மேல், ஏறக்குறைய 39 மணி நேரம். நடுக்கடலில் ஜி.பி.எஸ். வழிகாட்டியது. அதற்கு முன் அனுப்பியவை போய்ச் சேரவில்லை. ஹில்லுக்கு அப்போது 77 வயது. பார்வை பெரும்பாலும் போய்விட்டது, காதும் சரியாகக் கேட்காது. இறங்கிவிட்டது என்ற செய்தி வந்ததும் மனைவியைக் கட்டிக்கொண்டு அழுதாராம். இவர் இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் விமானத்தின் டேங்க் அளவைப் பற்றிச் சொல்வார். எனக்கு அந்த அம்மாவின் நினைப்பு வரும். ஒரு கடலைத் தாண்டுவதற்குள் அந்த வீட்டில் எத்தனை தராசு காணாமல் போயிருக்கும்!

இப்போது எல்லாம் மாறிவிட்டது. எஞ்சின் போய் மோட்டார் வந்தது. புகையில்லை, வாசமில்லை, சத்தமும் குறைவு. பால்சாவுக்குப் பதில் ஃபோம். உடைந்தால் பசை போட்டு அங்கேயே மறுபடி விடுகிறார்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ வந்ததும் கிரிஸ்டலும் கிளிப் அட்டையும் ஒழிந்தன. எத்தனை பேர் சுவிட்சைப் போட்டாலும் அவரவர் விமானம் அவரவர் பேச்சைக் கேட்கிறது. மெத்தனால் பயம் போய் லித்தியம் பேட்டரி பயம் வந்திருக்கிறது. உப்பிப்போன பேட்டரி தீப்பிடிக்கும் என்பதால், சார்ஜ் போடுகிறபோது என்னுடைய பழைய மண்சட்டி ஒன்றுக்குள் வைத்துத்தான் போட வேண்டும். இதுவும் என் சட்டம்.

அரசாங்கத்தின் சட்டமும் வந்துவிட்டது. 2021-இல் வந்த டிரோன் விதிகளின்படி, இரண்டு கிலோ வரை எடையுள்ளதை வணிகத்துக்கு இல்லாமல் விடுபவருக்கு ஓட்டுநர் சான்று தேவையில்லை. பச்சை மண்டலத்தில் 400 அடி உயரம் வரை அனுமதி கேட்க வேண்டாம். ஆனால் விமான நிலையத்தைச் சுற்றி 12 கிலோமீட்டர் வரை கட்டுப்பாடு உண்டு. ஒருபக்கம் பீளமேட்டு விமான நிலையம், ஒருபக்கம் சூலூர் விமானப் படைத்தளம். நடுவில் இருக்கிற ஊர்க்காரர்கள் வரைபடத்தைப் பார்க்காமல் எதையும் வானத்தில் ஏற்ற முடியாது. செட்டிபாளையத்துப் பொட்டலே இல்லாமல் போய்விட்டது. கல் நட்டு, தார் ரோடு போட்டு மனைகளாகிவிட்டது. இப்போது கிணத்துக்கடவும் தாண்டிப் போகிறோம்.

கூட்டமும் மாறியிருக்கிறது. கல்லூரிப் பெண்கள் தாங்களே கட்டிய விமானத்தோடு வருகிறார்கள். அவர்களுக்குச் சோறு கட்டிக் கொண்டுவர யாரும் இல்லை. வரும் வழியில் பரோட்டா வாங்கி வருகிறார்கள். ஒரு பெண் தன் இறக்கையில் படலம் ஒட்ட முடியாமல் திணறியபோது, முனையிலிருந்து தொடங்கச் சொல்லிக் கொடுத்தேன். "ஆன்ட்டி, நீங்க எந்தக் காலேஜ்?" என்று கேட்டாள்.

இவருக்குக் கண்புரை அறுவை முடிந்திருக்கிறது. முன்போல் தூரத்தில் விட முடிவதில்லை. மூக்கு வருகிறதா வால் போகிறதா என்று சில சமயம் என்னைக் கேட்கிறார். பக்கத்தில் நின்று, "வருதுங்க, எடது றெக்கை தாழுதுங்க" என்று சொல்கிறேன். என் சனிக்கிழமைகளிலும் மாற்றம் இல்லை. பேரன் வந்தாலும் விருந்தாள் வந்தாலும் சாயங்காலம் நாலு மணிக்கு மேல் அடுப்பு அவர் பொறுப்பு. அரிசியும் பருப்பும் என்னைவிட நன்றாகவே செய்கிறார்.

உங்கள் வீட்டிலும் விமானமோ, மீன்தொட்டியோ, பழைய புல்லட்டோ பிடித்து ஆட்டுகிற ஒருவர் இருக்கலாம். அந்தப் பித்தைத் தடுக்காதீர்கள். சம்பாதிப்பதைத் தவிர வேறொன்றில் மனம் வைத்தவரோடு வாழ்வது சலிப்பதில்லை. ஆனால் அவருடைய ஞாயிற்றுக்கிழமைக்கான விலையைக் கொடுப்பது யார் என்று கணக்குப் பாருங்கள். கொடுப்பது நீங்கள் என்றால், உங்களுக்கு ஒரு கிழமையை வாய்விட்டுக் கேளுங்கள். கேட்காமல் எந்த வீட்டிலும் கிடைத்ததாக நான் பார்த்ததில்லை.